மீண்டும் தலைதூக்கும் புராஸ்டேட் புற்றுநோய்: கதிர் பாய்ச்சும் முன் ஒரு காந்தப் படம்

புராஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து முழுவதுமாக எடுத்தாகிவிட்டது. தையல் ஆறிவிட்டது. சிறுநீரை அடக்கும் திறனும் மெல்ல மெல்லத் திரும்பியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு, மூன்று வருடங்கள் பி.எஸ்.ஏ. அளவு 'ஒன்றுமில்லை' என்றே வருகிறது. பிறகு ஒருமுறை 0.06 என்று வருகிறது. அடுத்த முறை 0.11. அதற்கடுத்து 0.19. அப்புறம் 0.27. உடம்பில் வலி இல்லை, பசி குறையவில்லை, தூக்கம் கெடவில்லை. ஆனாலும் நோய் திரும்பியிருக்கிறது என்கிறார் மருத்துவர். கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார்.

எங்கே கொடுப்பது? சுரப்பியைத்தான் எடுத்தாகிவிட்டதே?

நோயாளியின் வீட்டில் எல்லோர் மனதிலும் எழும் கேள்வி இது. பலர் மருத்துவரிடம் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். அதற்கு விடை தேடும் கருவிகளில் ஒன்றாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்று வளர்ந்திருக்கிறது. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது, அதை வைத்து எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும்.

ஒரு புரதம் சொல்லும் செய்தி

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். விந்துவை இளக்கி நீர்மமாக்குவது அதன் இயல்பான வேலை. அதில் மிகச் சிறிய பங்கு ரத்தத்தில் கசிகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் டி. மிங் சூ குழுவினர் 1979-இல் இதைத் தனியே பிரித்துத் தூய்மைப்படுத்தினார்கள். 1986-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சோதனைக்கு முதலில் கொடுத்த அனுமதி, ஏற்கெனவே நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்குத்தான். நோயைப் புதிதாகக் கண்டறிய உதவும் சோதனை என்ற அனுமதி 1994-இல் வந்தது.

இன்றும் பி.எஸ்.ஏ.யின் சொல் மிகவும் நம்பத்தக்கதாக இருப்பது அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பில்தான். சுரப்பி உள்ளே இருக்கும்வரை, வயதானதால் அது வீங்கினாலும் எண் ஏறும். கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். சுரப்பியை எடுத்த பிறகு அந்தக் குழப்பங்கள் இல்லை. ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பாதிபாதியாகக் குறைந்து, ஆறு வாரங்களுக்குள் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதன்பின் அது ஏறத் தொடங்கினால், அதைச் சுரக்கும் செல்கள் உடம்பில் எங்கோ பெருகுகின்றன என்று பொருள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.2 நானோகிராம் அளவை எட்டி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் மீண்டுவிட்டதாக மருத்துவ உலகம் எடுத்துக்கொள்கிறது.

இத்தனை நுட்பமான இந்தச் சோதனையால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: அந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன என்பது. சுரப்பி இருந்த குழியிலேயே ஒரு சிறு துணுக்கு தங்கி வளர்ந்திருக்கலாம். இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கலாம். எலும்புக்கே போயிருக்கலாம். மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எண் ஒன்றாகவே இருக்கலாம். சிகிச்சையோ மூன்றுக்கும் வேறு வேறு.

காலம் ஏன் முக்கியம்?

பி.எஸ்.ஏ. ஏறியவுடன் உயிருக்கு ஆபத்து என்று பதறத் தேவையில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அறுவை செய்துகொண்ட 1,997 ஆண்களைப் பின்தொடர்ந்தது. பி.எஸ்.ஏ. ஏறிய பிறகும் உடனடிச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு, நோய் வேறிடத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு பரவ, சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆயின. அது ஆறுதலான செய்தி. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்களும் உண்டு. பி.எஸ்.ஏ. சில மாதங்களிலேயே இரட்டிப்பாகும் ஆண்களுக்கு நோய் அத்தனை பொறுமை காட்டுவதில்லை.

அதே மருத்துவமனை 2008-இல் 635 ஆண்களின் பதிவேடுகளை வைத்து இன்னொரு ஆய்வு வெளியிட்டது. நோய் மீண்டபின் கதிர்வீச்சு பெற்றவர்கள் புராஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் அபாயம், பெறாதவர்களின் அபாயத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இந்தப் பலன் பி.எஸ்.ஏ. ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகிக்கொண்டிருந்தவர்களிடமே தெரிந்தது. பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் திசையை அது தெளிவாகக் காட்டியது. அறுவை தவறவிட்டதைக் கதிர்வீச்சால் இன்னும் பிடிக்கலாம்.

அப்படியானால் அறுவை முடிந்ததுமே எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுத்துவிடலாமே? மூன்று பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்தன: பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்து நாடுகளில் நடந்த 'ராடிகல்ஸ்', ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த 'ரேவ்ஸ்', பிரான்ஸில் நடந்த 'கெடுக் 17'. 2020-இல் மூன்றின் முடிவுகளும் வந்தன. மொத்தம் 2,153 ஆண்கள். உடனே கொடுத்தாலும், பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியவுடன் கொடுத்தாலும் நோய்க் கட்டுப்பாட்டில் வேறுபாடு தெரியவில்லை. காத்திருந்த குழுவில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆய்வு முடிவுகள் வந்த வேளையில் கதிர்வீச்சே தேவைப்பட்டிருக்கவில்லை. உடனே கொடுக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொல்லைகள் கூடுதலாக வந்தன.

ஆகவே இன்றைய வழி இது: காத்திருக்கலாம், ஆனால் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். எண் ஏறுவது உறுதியானால், அது தாழ்வாக இருக்கும்போதே கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். 0.5-ஐத் தாண்டுவதற்கு முன் தொடங்கினால் பலன் கூடுதல். தாமதிக்கத் தாமதிக்கக் குறைவு.

திரையில் இல்லாத இலக்கு

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. நோய் குணமாகும் வாய்ப்பு அதிகமாக இருக்கும் அதே காலத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருக்கிறது. பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே இருக்கும்போது எலும்பு ஸ்கேனில் ஏதாவது தெரிவது அபூர்வம். சி.டி. ஸ்கேனில் தசையும் தழும்பும் கட்டியும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம்.

கதிர்வீச்சுத் திட்டம் தீட்டும் அறையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். நோயாளியைச் சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில், மலக்குடல் காலியாக இருக்கும் நிலையில் படுக்கவைத்து சி.டி. எடுத்திருக்கிறார்கள். திரையில் அதன் குறுக்குவெட்டுப் படங்கள், சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் சுட்டியால் கோடு வரைகிறார். சிறுநீர்ப்பைக்கு ஒரு நிறம், மலக்குடலுக்கு ஒரு நிறம், தொடையெலும்பின் தலைக்கு ஒரு நிறம். பிறகு கதிர் பாய வேண்டிய பகுதிக்கு இன்னொரு நிறம். சாதாரணமாக அந்தப் பகுதிக்குள் ஒரு கட்டி தெரியும். அதைச் சுற்றி வரைவார்கள். இங்கே கட்டி தெரிவதில்லை. சுரப்பி இருந்த இடத்தில் சிறுநீர்ப்பை கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எனவே பழைய நோயாளிகளின் அனுபவத்திலிருந்து உருவான பொது வரைபடத்தைப் பின்பற்றி, நோய் இருக்க வாய்ப்புள்ள பள்ளம் முழுவதையும் கோட்டுக்குள் அடக்குகிறார்கள். இதற்குப் 'புராஸ்டேட் படுகை' என்று பெயர். அதற்கு முன்புறம் சிறுநீர்ப்பை, பின்புறம் மலக்குடல். இரண்டுமே கதிர்வீச்சை அதிகம் தாங்காத உறுப்புகள்.

இந்தப் படுகைக்கு வழக்கமாக 64 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரங்களில் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அளவைக் கூட்டினால் பலன் கூடுமா? சுவிட்சர்லாந்தின் தலைமையில் 350 ஆண்களிடம் நடந்த ஆய்வு 64 கிரேயையும் 70 கிரேயையும் ஒப்பிட்டது. 2021-இல் வந்த முடிவு: ஆறு ஆண்டுகளில் நோய்க் கட்டுப்பாடு இரண்டிலும் ஏறத்தாழ 62 சதவீதம், 61 சதவீதம். 70 கிரே பெற்றவர்களுக்குக் குடல் தொல்லைகள்தான் கூடின.

படுகை முழுவதற்கும் அளவை ஏற்றுவது பயன் தரவில்லை என்றால், யோசனை வேறு திசையில் போக வேண்டும். நோய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சரியாகக் குறிவைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. உள்ளே வருவது இதற்காகத்தான்.

காந்தம் எதைப் பார்க்கிறது?

நம் உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய காந்தம். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 அல்லது 60,000 மடங்கு. அதற்குள் உடம்பு போனதும் அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு அந்தப் புலத்தின் திசையில் அணிவகுக்கிறது. ரேடியோ அலையால் அவற்றைச் சற்றே தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை ஒரு மெல்லிய சமிக்ஞையை வெளியிடும். தசைக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். கட்டிக்குள் இருப்பது வேறு வேகத்தில். இந்த வேறுபாட்டைப் படமாக்கும் வழியைத் திறந்ததற்காக பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதில் எக்ஸ் கதிர் இல்லை.

புராஸ்டேட் படுகையை ஆராயும்போது கருவி மூன்று விதமாகப் பார்க்கிறது.

முதல் பார்வை உடற்கூறு. டி-2 எனப்படும் இந்தப் படத்தில் பழைய தழும்பு தசையைப் போலக் கறுப்பாக இருக்கும். மீண்டும் வளரும் கட்டி தசையைவிடச் சற்று வெளிறித் தெரியும். இந்தச் 'சற்று' மிக மெலிதான வேறுபாடு; இதை மட்டும் நம்ப முடியாது.

இரண்டாவது பார்வை தண்ணீரின் நடமாட்டம். செல்களுக்கிடையே தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் நெருக்கியடித்து வளரும் இடத்தில் அவற்றுக்கு அலைய இடம் கிடைப்பதில்லை. இந்தத் தடையைக் கருவி அளந்து தனிப் படமாகத் தருகிறது.

மூன்றாவது பார்வை ரத்த ஓட்டம். கையில் போட்ட ஊசி வழியாக காடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தி, சில வினாடிக்கு ஒரு படம் என்று சில நிமிடங்கள் தொடர்ந்து எடுக்கிறார்கள். கட்டி வளர்த்துக்கொண்ட புதிய ரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை, கசியக்கூடியவை. அதனால் மருந்து முதலில் அங்கே வந்து சேரும், விரைவில் வெளியேறவும் செய்யும். தழும்போ மெதுவாக நிறம் மாறும், அல்லது மாறவே மாறாது. அறுவைக்குப் பிந்தைய படுகையில் இந்த மூன்றாவது பார்வைக்குத்தான் பெருமதிப்பு. சுரப்பி உள்ளே இருக்கும் புதிய நோயாளியிடம் காடோலினியம் இல்லாமலே பல சமயம் சமாளிக்கலாம். மீண்டு வந்த நோயைத் தேடும்போது அதைத் தவிர்ப்பது நல்லதல்ல.

மூன்று படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் கதிரியல் மருத்துவர். அவர் கண் முதலில் போகும் இடம், சிறுநீர்ப்பையின் கழுத்தையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் அறுவை மருத்துவர் இணைத்துத் தைத்த வளையம். படுகையில் மீண்டு வரும் நோய் மிக அதிகமாகத் தலைகாட்டுவது அங்கேதான். அடுத்து சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள இடைவெளி, விந்துப்பைகள் இருந்த இடம், விந்துக்குழாயை வெட்டி விட்ட முனை. தையல் வளையத்தின் ஓரத்தில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி. டி-2 படத்தில் லேசான வெளிறல். தண்ணீர்ப் படத்தில் நடமாட்டத் தடை. மருந்து ஏறிய சில வினாடிகளில் பளிச்சென்ற வெளிச்சம். மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினால் சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகத்தின் வலுவை எல்லா ஊரிலும் ஒரே மொழியில் சொல்ல, ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலேரியா பனெபியாங்கோ தலைமையில் பன்னாட்டு நிபுணர்கள் 2021-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அதன் சுருக்கப் பெயர் பி.ஐ.-ஆர்.ஆர். 1 என்றால் நோய் மீண்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு; 5 என்றால் மிக அதிகம்.

படம் வந்த பிறகு திட்டம் எப்படி மாறும்?

படத்தில் புள்ளி தெரிந்து, அது வழக்கமான கோட்டுக்குள்ளேயே இருந்தால், மருத்துவர் அந்தப் பகுதியில் கூடுதல் கவனம் செலுத்தலாம். புள்ளிக்கு மட்டும் சற்றுக் கூடுதல் அளவு கொடுத்து, மற்ற இடங்களை வழக்கமான அளவிலேயே நிறுத்தலாம். அறுவை செய்யாத புதிய நோயாளிகளிடம் இந்த உத்தியை நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் 'ஃபிளேம்' ஆய்வு சோதித்தது. 571 ஆண்களில் பாதிப் பேருக்கு, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை கூட்டினார்கள். ஐந்து ஆண்டுகளில் நோய் மீளாதவர்கள் 85 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக உயர்ந்தார்கள். பக்க விளைவுகள் குறிப்பிடும்படி கூடவில்லை. அறுவைக்குப் பின் மீண்ட நோய்க்கு இந்த உத்தி இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: கூட்டுவதாக இருந்தால் பார்த்துக் கூட்ட வேண்டும்.

புள்ளி வழக்கமான கோட்டுக்கு வெளியே, அல்லது ஓரத்தில் இருந்தால் எம்.ஆர்.ஐ.யின் பயன் இன்னும் பெரியது. பொது வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால் ஏழு வாரம் கதிர் பாய்ச்சியும் நோயின் ஒரு பகுதி தப்பியிருக்கும். இப்போது கோட்டை விரித்து வரையலாம். இடுப்பு நிணநீர் முடிச்சு ஒன்று பெரிதாகத் தெரிந்தால் கதிர்வீச்சுப் பகுதியில் அதையும் சேர்க்கலாம். இடுப்பெலும்பில் தடயம் தெரிந்தால் முழுத் திட்டத்தையுமே மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும்.

இவற்றோடு இன்னொரு நன்மையும் உண்டு. மலக்குடலின் முன்சுவர், சிறுநீரை அடக்கும் தசை போன்ற மென்மையான பகுதிகளின் எல்லை சி.டி.யைவிட எம்.ஆர்.ஐ.யில் தெளிவு. காப்பாற்ற வேண்டிய இடம் தெளிவாகத் தெரிந்தால் காப்பாற்றுவது எளிது. அறுவைக்குப் பின் பாடுபட்டு மீட்ட சிறுநீர்க் கட்டுப்பாடு கதிர்வீச்சால் மீண்டும் குலைந்துவிடக் கூடாதே.

பெட் ஸ்கேன் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இந்தத் துறையின் போக்கையே மாற்றிவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி, தலை முதல் தொடை வரை பார்ப்பது அதன் வழி. 635 ஆண்களிடம் நடந்து 2019-இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வில், பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே இருந்தபோதே 38 சதவீதம் பேருக்கு நோய் இருக்கும் இடம் தெரிந்தது. 5-க்கு மேல் போனபோது 97 சதவீதம். தொலைவில் இருக்கும் சிறு நிணநீர் முடிச்சையும் எலும்பில் தொடங்கும் பரவலையும் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. அதற்கு ஈடாகாது.

ஆனால் அதற்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. பரவலாகப் பயன்படும் பி.எஸ்.எம்.ஏ. மருந்துகள் சிறுநீரில் வெளியேறுபவை. அதனால் படத்தில் சிறுநீர்ப்பை முழுவதும் ஜொலிக்கும். அதை ஒட்டியிருக்கும் தையல் வளையத்தில் நோய் இருந்தால், திருவிழாப் பந்தலின் மின்விளக்குகளுக்கு நடுவே ஏற்றி வைத்த அகல் விளக்குப் போல அது கண்ணில் படாமல் போகும். எம்.ஆர்.ஐ. மிக நன்றாகப் பார்க்கும் இடமோ அதுவேதான். ஒன்று தூரத்தைப் பார்க்கிறது. மற்றது வாசலைப் பார்க்கிறது. வசதி உள்ள இடங்களில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. பெட் ஸ்கேன் இருக்கும் ஊர்களைவிட எம்.ஆர்.ஐ. இருக்கும் ஊர்கள் அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

படம் பார்த்துத் திட்டமிட்டால் நோயாளிக்கு உண்மையிலேயே பலன் கிடைக்கிறதா? அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் 165 ஆண்களிடம் நடந்த ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஒரு குழுவுக்கு எலும்பு ஸ்கேன், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. என்ற வழக்கமான படங்களை வைத்துக் கதிர்வீச்சு. மற்றொரு குழுவுக்கு அவற்றோடு ஃப்ளூசிக்ளோவின் என்ற மருந்தைக் கொண்டு எடுத்த பெட் படத்தையும் வைத்துத் திட்டம் மாற்றப்பட்டது. மூன்று ஆண்டுகளில் நோய் மீளாதவர்கள் முதல் குழுவில் 63 சதவீதம், இரண்டாம் குழுவில் 75.5 சதவீதம். 2021-இல் வெளியான இந்த முடிவு பெட் ஸ்கேனைப் பற்றியது. ஆயினும் அது நிறுவிய பாடம் பொதுவானது: நோய் எங்கே என்று நன்றாகத் தெரிந்துகொண்டு கதிர் பாய்ச்சினால் கூடுதல் பேர் நோய் மீளாமல் தப்புகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. ஏமாறும் இடங்கள்

எந்தப் படமும் தீர்ப்பு ஆகாது. அறுவையின்போது விட்டுப்போன நல்ல சுரப்பித் திசுவின் துணுக்கு, எஞ்சியிருக்கும் விந்துப்பையின் நுனி, ஆறிவரும் புண்ணில் வளரும் புதுத் திசு, அந்தப் பகுதியில் பின்னிக் கிடக்கும் சிரைகள் ஆகிய நான்கும் நோய் போல வேடம் காட்டக்கூடியவை. அறுவையில் போட்ட உலோகக் கிளிப்புகள் படத்தைச் சிதைக்கும். மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால் தண்ணீர் நடமாட்டப் படம் கோணலாகிவிடும். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு உலோகத்தின் நிழல் விழும். அதனால்தான் படம் பார்ப்பவரின் அனுபவம் கருவிக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது.

முதல் சிகிச்சையே கதிர்வீச்சாக இருந்து, பிறகு நோய் மீண்டவர்களின் கதை வேறு. அவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் பி.எஸ்.ஏ. பூஜ்யம் ஆவதில்லை, தான் தொட்ட மிகத் தாழ்ந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால்தான் மீண்டதாகக் கணக்கு. கதிர்பட்ட சுரப்பி சுருங்கிக் கறுத்துப்போவதால் டி-2 படம் அதிகம் உதவாது. மற்ற இரு பார்வைகளே துணை. மறுபடியும் கதிர்வீச்சோ வேறு சிகிச்சையோ தொடங்கும் முன், எம்.ஆர்.ஐ. சுட்டும் இடத்தில் ஊசியால் திசு எடுத்து உறுதி செய்வது இவர்களுக்கு மிக அவசியம். இரண்டாம் முறை கதிர் பட்டால் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் வரக்கூடிய சேதம் பெரிது.

படத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எம்.ஆர்.ஐ. படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும் என்பது புற்றுநோயியலின் பழைய கணக்கு. அந்தக் கணக்குப்படி 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துணுக்கிலேயே ஒரு கோடிக்கு மேல் செல்கள் இருக்கலாம். அதைவிடச் சிறியது எந்த ஸ்கேனிலும் எளிதில் தெரிவதில்லை. ரத்தத்தில் கலக்கும் பி.எஸ்.ஏ.யோ அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு பி.எஸ்.ஏ. விடை சொல்லியாயிற்று, எங்கே என்ற கேள்விக்கு விடை தேடுவதே எம்.ஆர்.ஐ.யின் வேலை. விடை கிடைக்காவிட்டால் பொது வரைபடத்தின்படி படுகைக்குக் கதிர்வீச்சைக் காலத்தே தொடங்குவதுதான் முறை. 'படத்தில் தெளிவாகத் தெரியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று மாதக்கணக்கில் காத்திருந்தால், தெரியும் நாளில் குணமாகும் வாய்ப்பு குறைந்திருக்கும். கதிர்வீச்சு தேவை என்று முடிவான நோயாளிக்கு, சுத்தமான படத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் உட்பட இன்றைய மருத்துவக் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியவை

அறுவை செய்துகொண்டவர்களும், அவர்களின் கோப்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் மனைவி, மகன், மகள்களும் சிலவற்றைக் கவனிக்கலாம்.

பி.எஸ்.ஏ. பரிசோதனையை முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டையும் தேதியுடன் வரிசையாக வைத்திருங்கள். ஒரு தனி எண்ணைவிட, எண்கள் ஏறும் வேகம்தான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். அறுவையில் எடுத்த திசுவின் பரிசோதனை அறிக்கையைத் தொலைத்துவிடாதீர்கள். வெட்டிய விளிம்பில் நோய் இருந்ததா, எந்தப் பக்கம் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படிக்கும் கதிரியல் மருத்துவருக்கு எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

ஹார்மோன் ஊசியோ மாத்திரையோ தொடங்குவதாக இருந்தால், அதற்கு முன்பே ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஹார்மோன் சிகிச்சை கட்டியைச் சுருக்கிவிடும். சுருங்கியதைப் படத்தில் பிடிப்பது கடினம். பேஸ்மேக்கர், பழைய உலோகப் பொருத்துகள், சிறுநீரகக் குறைபாடு எதுவாக இருந்தாலும் ஸ்கேன் அறையில் முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு காடோலினியம் கொடுப்பது பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருக்கும். மலம் கழித்துவிட்டுப் போவது போன்ற சிறு ஆயத்தம்கூடப் படத்தின் தரத்தை உயர்த்தும்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பி.எஸ்.ஏ. எவ்வளவு காலத்தில் இரட்டிப்பாகிறது? கதிர்வீச்சுத் திட்டம் தீட்டும் முன் மூன்று பார்வைகளும் உள்ள எம்.ஆர்.ஐ.யோ பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனோ எடுத்தால் என் திட்டம் மாறுமா? படத்தில் எதுவும் தெரியாவிட்டால் எந்தத் தேதியில் கதிர்வீச்சைத் தொடங்குவோம்? மூன்றாவது கேள்விக்கு ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள். புராஸ்டேட் புற்றுநோய் மீண்டவர்களில் பலருக்கு நோயை அடியோடு அகற்றும் இரண்டாவது வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அந்த வாய்ப்பைக் கூர்மையாக்கப் பயன்பட வேண்டும்; தாமதத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது.